பழைய ஹார்டு டிஸ்க்: சொத்தா, கடனா?

புதுசாகக் கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணுகிற எல்லோரும் போடுகிற கணக்கு ஒன்று உண்டு. பிராசஸர் இவ்வளவு, மதர்போர்டு இவ்வளவு, ராம் இவ்வளவு, கேபினெட், எஸ்எம்பிஎஸ் என்று வரிசையாக எழுதிக் கூட்டினால் பட்ஜெட்டைத் தாண்டிவிடும். உடனே பேனா ஒரே ஒரு வரியில் போய் நிற்கும். "ஹார்டு டிஸ்க்தான் பழசு இருக்கே, அதையே எடுத்து மாட்டிக்கலாம்!" அந்த வரியை அடித்தால் சில ஆயிரங்கள் மிச்சம். மிச்சமான காசு கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போய்விடும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டால் "தாராளமா மாட்டலாம் தம்பி, ஒரு கேபிள்தானே" என்பார்கள். அவர்கள் சொல்வதும் பொய் இல்லை.

மாட்ட முடியுமா என்றால், பெரும்பாலும் முடியும். மாட்டலாமா என்பதுதான் கேள்வி. இந்தப் பதிவின் கட்சி இதுதான்: பழைய டிஸ்க்குக்குப் புது கம்ப்யூட்டரில் வேலை போட்டுக் கொடுக்காதீர்கள். மரியாதையாக ரிட்டையர்மென்ட் கொடுங்கள். முக்கியமாக, அதற்கான பென்ஷன் காசை பட்ஜெட்டிலேயே எடுத்து வையுங்கள்.

முதலில் கொஞ்சம் கணக்குப்பதிவியல்

(காமர்ஸ் அல்லாதவர்கள் பயப்பட வேண்டாம், ஒரே பாராதான் :-))

2013 கம்பெனிகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, மேஜைக் கம்ப்யூட்டர், லேப்டாப் போன்றவற்றுக்குக் கொடுக்கிற ஆயுள் 3 வருஷம். சர்வர்களுக்கு 6 வருஷம். வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்கு வருஷத்துக்கு 40 சதவீதம் தேய்மானம். அதாவது 10 வருஷம் ஓடிய ஒரு ஹார்டு டிஸ்க்குக்கு ஏட்டில் மதிப்பு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஆனால் அதற்குள் இருக்கிறதே, அக்கா கல்யாண போட்டோ, தாத்தா பேசின வீடியோ, அப்பா கடையின் கணக்கு, அதற்கு எந்த ஏட்டிலும் ஒரு வரி கிடையாது. பேலன்ஸ் ஷீட்டிலேயே வராத சொத்து அது. வேடிக்கை என்னவென்றால், மதிப்பில்லாத டப்பாவைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, மதிப்பே போட முடியாத சரக்கை அந்த டப்பாவுக்குள்ளேயே விட்டுவிடுகிறோம். பாத்திரத்தைப் பார்த்துவிட்டுப் பாலை மறந்த கதை.

மாட்டுவதில் என்ன சிக்கல்?

2003ல் சாட்டா வந்தது. அதற்கு முந்தைய டிஸ்க்குகள் பட்டையான ரிப்பன் கேபிள் போட்ட ஐடிஈ வகை. பின்னால் குட்டி ஜம்பர் இருக்கும், மாஸ்டரா ஸ்லேவா என்று அதை மாற்றி மாற்றிச் செருகின தலைமுறைக்கு ஞாபகம் இருக்கும். இப்போதைய மதர்போர்டுகளில் அந்த சாக்கெட்டே கிடையாது. யூஎஸ்பி கன்வர்ட்டர் வாங்கித்தான் படிக்க வேண்டும். அதுவும் தனி பவர் அடாப்டருடன் வருகிற வகையாகப் பார்த்து வாங்க வேண்டும், ஏனென்றால் மூன்றரை இஞ்ச் டிஸ்க்குக்கு வெறும் யூஎஸ்பி மின்சாரம் போதாது.

சாட்டா டிஸ்க்காக இருந்தால் கவலை குறைவு. முதல் தலைமுறை சாட்டா டிஸ்க்கைக்கூட இன்றைய போர்டில் மாட்டலாம், வேகம்தான் பழைய வேகமாக இருக்கும். லேப்டாப்பிலிருந்து கழற்றிய இரண்டரை இஞ்ச் சாட்டா டிஸ்க்குக்கும் அதே கேபிள்தான். ஒரு சின்ன பொறி மட்டும் உண்டு. பல போர்டுகளில் எம்.2 இடத்தில் எஸ்எஸ்டி போட்டால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகள் தானாக அணைந்துவிடும். டிஸ்க் செத்துப்போச்சு என்று பதறுவதற்கு முன்னால் போர்டின் கையேட்டைத் திறந்து, எந்த போர்ட் என்று பார்த்து மாற்றிச் செருகினால் முடிந்தது.

அடுத்தது பூட். "பழைய டிஸ்க்கில் விண்டோஸ் இருக்கு, அதிலேயே ஓடட்டும்" என்கிறவர்கள் உண்டு. எக்ஸ்பி காலத்தில் அப்படிச் செய்தால் பெரும்பாலும் நீலத் திரைதான் வரவேற்கும். விண்டோஸ் 10 வந்த பிறகு நிலைமை பரவாயில்லை, டிரைவர்களைத் தேடிப் போட்டுக்கொண்டு எழுந்துவிடும். ஆனால் பழைய டிஸ்க் எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டிருந்தால், புது போர்டின் யூஈஎஃப்ஐ அதிலிருந்து பூட் ஆக மறுக்கும். பழைய பயாஸ் முறைக்கான ஆதரவை 2020க்குள் கைவிடுவதாக இன்டெல் 2017லேயே சொல்லிவிட்டது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14ல் முடிந்தது. ஆக, பழைய விண்டோஸை அப்படியே தூக்கிக்கொண்டு வருவதில் லாபம் எதுவும் இல்லை. புது வீட்டுக்குப் பழைய வீட்டுக் கரையானையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போவது மாதிரி.

சி டிரைவ், டி டிரைவ் மாயை

நம்ம ஊர் வீடுகளில் ஒரு பழக்கம். சி டிரைவில் விண்டோஸ், டி டிரைவில் பாட்டு, படம், போட்டோ. "டியில காப்பி பண்ணி வெச்சிருக்கேன், பயமில்லை" என்று நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் ஏராளம். பெரும்பாலான வீட்டுக் கம்ப்யூட்டர்களில் சியும் டியும் ஒரே டிஸ்க்கின் இரண்டு பகுதிகள். ஒரே பர்ஸின் இரண்டு அறை. பர்ஸையே பஸ்ஸில் தொலைத்தால் எந்த அறையில் வைத்தால் என்ன?

இந்த மாயைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. புது கம்ப்யூட்டருக்கு மாறும்போது "டியை மட்டும் எடுத்துக்கலாம், சியில வெறும் விண்டோஸ்தானே" என்று சியை ஃபார்மேட் பண்ணிவிடுகிறார்கள். டெஸ்க்டாப்பில் கிடந்த ஃபைல்கள் எங்கே இருந்தன? சியில். மை டாக்குமெண்ட்ஸ்? சியில். அவுட்லுக் மெயில் மொத்தமும்? சியில், அதுவும் மறைத்து வைக்கப்பட்ட ஃபோல்டருக்குள். பல கடைகளில் டேலி டேட்டா ஃபோல்டரும் யாரும் மாற்றாததால் சியிலேயேதான் கிடக்கும். அதனால் விதி எளிது: டிஸ்க்கில் எது முக்கியம் என்று யோசித்து எடுக்காதீர்கள். முழுசாக எடுங்கள். யோசனையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

எழுத்துரு என்கிற தமிழ்ப் பிரச்சினை

இது தமிழில் டைப் அடித்தவர்களுக்கே உரிய தலைவலி. யூனிகோடு பரவுவதற்கு முன்னால் தமிழ் ஆவணங்கள் பாமினி, திஸ்கி, டாப், டாம் என்று ஆளுக்கொரு குறியாக்கத்தில் இருந்தன. 1999ல் தமிழக அரசு டாம், டாப் இரண்டையும் தரமாக ஏற்றது. யூனிகோடை அரசுத் தரமாக அறிவித்தது 2010ல்தான். இடைப்பட்ட காலத்தில் அடித்த திருமணப் பத்திரிகை, சங்கத் தீர்மானம், கோயில் மலர், தாத்தாவின் கவிதை எல்லாமே ஏதோ ஒரு எழுத்துருவை நம்பி நிற்கின்றன. அந்த ஃபைலை மட்டும் புது கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்தால், திறந்தவுடன் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பைதான் தெரியும். "ஃபைல் கெட்டுப்போச்சு" என்று அழித்துவிடுவார்கள். கெட்டுப்போகவே இல்லை! எழுத்துரு கூட வரவில்லை, அவ்வளவுதான்.

அந்த எழுத்துரு எங்கே இருக்கிறது? பழைய விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில். அதாவது, "வெறும் விண்டோஸ்தானே" என்று ஃபார்மேட் செய்யப்போகிற அதே சி டிரைவில். அந்த ஃபோல்டரையும் சேர்த்து எடுத்து வைத்தால், ஆவணத்தை நிதானமாக யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம். எடுத்து வைக்காவிட்டால், எந்த எழுத்துரு என்று தேடுவதிலேயே ஆயுள் போய்விடும்.

வயசான டிஸ்க் சொல்லாமலே போகும்

"ஸ்மார்ட் செக் பண்ணிப் பார்த்தேன், குட்னு காட்டுது" என்கிற தைரியசாலிகளுக்கு ஒரு தகவல். கூகிள் ஆராய்ச்சியாளர்கள் லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து 2007ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று, முதல் ஸ்கேன் பிழை காட்டிய டிஸ்க்குகள், அடுத்த 60 நாளில் செத்துப்போவதற்கான வாய்ப்பு, பிழை காட்டாதவற்றைவிட 39 மடங்கு அதிகம். இரண்டு, செத்துப்போன டிஸ்க்குகளில் 36 சதவீதத்துக்கும் மேல், வெப்பநிலையைத் தவிர்த்த எந்த ஸ்மார்ட் அளவீட்டிலும் முன்கூட்டி ஒரு அறிகுறியும் காட்டவில்லை. ஸ்மார்ட் "மோசம்" என்றால் நம்புங்கள். "நல்லா இருக்கு" என்றால் பாதிதான் நம்புங்கள்.

எஸ்எஸ்டி வந்துவிட்டதால் இந்தக் கவலை போய்விட்டது என்றும் சொல்ல முடியாது. சாதாரண எஸ்எஸ்டிகளுக்கான ஜெடெக் தர அளவீட்டின்படி, எழுதும் ஆயுள் தீர்ந்த நிலையில், மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி வெப்பத்தில் அது தகவலை வைத்திருக்க வேண்டிய காலம் 1 வருஷம்தான். நடைமுறையில் கூடுதலாக நிற்கலாம். ஆனால் பீரோவில் பூட்டிவைத்து 10 வருஷம் கழித்து எடுத்துப் பார்க்கிற பொருள் அது இல்லை.

கடைக்காரர் கணக்கு

உதாரணத்துக்கு ஒரு ஸ்டேஷனரி கடையை எடுத்துக்கொள்ளுங்கள். பில் போடுவது ஒரு பழைய கம்ப்யூட்டரில். அது மெதுவாகிவிட்டது என்று முதலாளி புதுசு வாங்குகிறார். செலவைக் குறைக்க, கணக்கு இருக்கிற பழைய டிஸ்க்கையே புதுசுக்குள் மாட்டச் சொல்கிறார். ஆறு மாசத்தில் டிஸ்க் போய்விடுகிறது என்று வையுங்கள். போனது ஒரு இரும்புப் பெட்டி மட்டும் இல்லை. ஜிஎஸ்டி சட்டத்தின் 36வது பிரிவுப்படி, கணக்குகளை அந்த வருஷத்து ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். கம்பெனியாக இருந்தால் 8 நிதியாண்டுக் கணக்கு கையில் இருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் கணக்கு வைக்கிற கம்பெனிகள் இந்தியாவில் இருக்கிற சர்வரில் தினமும் பேக்கப் எடுக்க வேண்டும் என்று 2022ல் விதியைத் திருத்தினார்கள். அதுவரை "அவ்வப்போது" என்று இருந்தது. அரசாங்கமே "அவ்வப்போது" என்கிற வார்த்தையை நம்பவில்லை, பாருங்கள்.

அதெல்லாம் விடுங்கள். யார் எவ்வளவு பாக்கி தரணும் என்கிற லிஸ்ட்? அது போனால் எந்தச் சட்டமும் திருப்பித் தராது. கடன்காரர்களின் மனசாட்சிதான் பேக்கப்.

எதிர்க்கட்சி வாதம்

இதற்கு வருகிற நியாயமான பதில், "காசு இல்லையே" என்பது. மாணவர்களுக்கு இது வெறும் சாக்கு இல்லை. 2011ல் தாய்லாந்து வெள்ளத்தில் தொழிற்சாலைகள் மூழ்கியபோது உலகம் முழுக்க ஹார்டு டிஸ்க் விலை எகிறியது. 2025 கடைசியில் ராம் விலை தாறுமாறாக ஏறியது. இப்படி ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும்போது, ஓடுகிற டிஸ்க்கைத் தூக்கிப் போட யாருக்கும் மனசு வராது. நல்லா இருக்கிற பொருளைக் குப்பையாக்குவது சுற்றுச்சூழலுக்கும் நல்லதில்லை.

சரி. அதனால்தான் தூக்கிப் போடச் சொல்லவில்லை. வேலையை மாற்றச் சொல்கிறோம். பழைய டிஸ்க்கில் போனால் அழ வேண்டாத பொருளை மட்டும் வையுங்கள்: திரும்ப டவுன்லோடு செய்யக்கூடிய கேம், இன்ஸ்டாலர், சினிமா. இல்லையென்றால் இரண்டாவது பிரதியாக, கழற்றிப் பீரோவில் வையுங்கள். ஒரே பிரதி இருக்கிற பொருள் எதுவும் அதில் இருக்கக் கூடாது. இது ஒன்றுதான் நிபந்தனை.

"எல்லாம் கிளவுடில் இருக்கே" என்பது அடுத்த வாதம். கிளவுட் நல்லதுதான். ஆனால் அது வாடகை வீடு. கூகிள் போட்டோஸ் அளவில்லாத இலவச இடத்தை 2021 ஜூன் 1ல் நிறுத்தியது. 2 வருஷம் திறக்காத கூகிள் கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து நீக்க ஆரம்பித்தார்கள். தாத்தா காலமான பிறகு அவருடைய கணக்கை யார் திறந்து பார்க்கப்போகிறார்கள்?

அப்போ எப்படித்தான் மாற்றுவது?

வரிசை முக்கியம்.

1. பட்ஜெட் போடும்போதே ஒரு புது டிஸ்க்குக்கு வரி எழுதுங்கள். கிராஃபிக்ஸ் கார்டு அடுத்த வருஷமும் கிடைக்கும்.

2. பழைய கம்ப்யூட்டரில் பிட்லாக்கர் என்கிற பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் 11ன் 2024ல் வந்த 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், இந்தப் பூட்டு பொதுவாகத் தானாகவே விழுந்துவிடும். பூட்டிய டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் 48 இலக்கச் சாவி கேட்கும். சாவி இல்லையென்றால் டிஸ்க் செங்கல்தான். பழைய கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கும்போதே சாவியைக் காகிதத்தில் எழுதி வையுங்கள், அல்லது பூட்டையே எடுத்துவிடுங்கள்.

3. புது எஸ்எஸ்டியில் விண்டோஸ் போடும்போது பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வையுங்கள். இரண்டும் இணைந்திருந்தால், பூட் ஃபைல்கள் பழைய டிஸ்க்கில் போய் உட்கார்ந்துகொள்வது உண்டு. பிறகு ஒருநாள் பழைய டிஸ்க்கைக் கழற்றினால் புது கம்ப்யூட்டரும் எழுந்திருக்காது. தவறான டிஸ்க்கை ஃபார்மேட் செய்கிற விபத்தும் இதனால் தவிரும்.

4. விண்டோஸ் தயாரான பிறகு பழைய டிஸ்க்கை மாட்டுங்கள். "ஃபார்மேட் செய்யவா?" என்றோ "இனிஷியலைஸ் செய்யவா?" என்றோ கேட்டால், வேண்டாம் என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். டிஸ்க் காலி என்று அதற்கு அர்த்தமில்லை, கம்ப்யூட்டருக்குப் படிக்கத் தெரியவில்லை என்றுதான் அர்த்தம். "அனுமதி இல்லை" என்று வந்தால் அது வேறு விஷயம், பழைய யூசரின் பூட்டு. அட்மினிஸ்ட்ரேட்டராக உரிமையை எடுத்துக்கொண்டால் திறக்கும்.

5. காப்பி செய்வதற்கு முன்னால் டிஃப்ராக், செக்டிஸ்க், முழு வைரஸ் ஸ்கேன் எதுவும் ஓட்டாதீர்கள். வயசானவரை டாக்டரிடம் கூட்டிப்போகும் முன் மாடிப்படி ஏறச் சொல்வது மாதிரி. டக் டக் என்று சத்தம் வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மீட்புத் தொழில் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் மீள்கிற வாய்ப்பு குறைகிறது.

6. விலை மதிப்பில்லாததை முதலில் எடுங்கள். போட்டோ, வீடியோ, கணக்கு, ஆவணம், எழுத்துரு. பாட்டும் படமும் கடைசியில். நடுவில் டிஸ்க் போனாலும் முக்கியமானது வந்திருக்கும். நேரத்தையும் கணக்கில் வையுங்கள். யூஎஸ்பி 2.0ல் விநாடிக்கு 35 எம்பி வேகம் என்றால் 1 டிபி காப்பி ஆக கிட்டத்தட்ட 8 மணி நேரம். அதையே சாட்டாவில் நேரடியாக மாட்டி 100 எம்பி வேகம் கிடைத்தால் 3 மணி நேரத்துக்குள் முடியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பியுங்கள், திங்கள் தேர்வு இருக்கும்போது வேண்டாம்.

7. இரண்டு பக்கமும் ஃபைல் எண்ணிக்கையும் அளவும் டேலி ஆகிறதா என்று பாருங்கள். டிரையல் பேலன்ஸ் டேலி ஆனாலே கணக்கில் தப்பு இல்லை என்று அர்த்தமில்லை என்பது முதல் வருஷப் பாடம். அதே மாதிரி, எண்ணிக்கை சரியாக இருந்தாலும் ஒவ்வொரு ஃபோல்டரிலும் சில ஃபைல்களைத் திறந்து பாருங்கள். போட்டோ முழுசாகத் தெரிகிறதா, வீடியோ கடைசிவரை ஓடுகிறதா என்று பார்த்த பிறகுதான் வேலை முடிந்தது.

புகைப்படக்காரர் பீட்டர் க்ரோக் பிரபலப்படுத்திய 3-2-1 என்கிற விதி உண்டு. மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வீட்டுக்கு வெளியே. புது டிஸ்க்கில் ஒன்று, பீரோவில் இருக்கிற பழைய டிஸ்க்கில் ஒன்று, கிளவுடில் ஒன்று. பழைய டிஸ்க்கை உள்ளே மாட்டி வேலை வாங்கினால் இந்தக் கணக்கில் ஒன்று குறைகிறது, கவனித்தீர்களா? மின்னல் இறங்கினாலும், எஸ்எம்பிஎஸ் வெடித்தாலும், ரான்சம்வேர் வந்தாலும், ஒரே கேபினெட்டுக்குள் இருக்கிற இரண்டும் சேர்ந்தே போகும்.

விற்பவர்களுக்கு

வேண்டாத டிஸ்க்கை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடுகிற பழக்கமும் இருக்கிறது. எம்ஐடி மாணவர்கள் இரண்டு பேர் 158 பழைய டிஸ்க்குகளை விலைக்கு வாங்கிப் பார்த்து, 2003ல் முடிவை வெளியிட்டார்கள். ஓடிய 129ல் முறையாக அழிக்கப்பட்டிருந்தது 12 மட்டும்தான். கிரெடிட் கார்டு எண்களே ஆயிரக்கணக்கில் கிடைத்தன. குயிக் ஃபார்மேட் என்பது புத்தகத்தின் பொருளடக்கத்தை மட்டும் கிழிப்பது, பக்கங்கள் அப்படியே இருக்கும். ஹார்டு டிஸ்க் என்றால் முழுசாக மேலெழுதி அழித்துவிட்டு, எஸ்எஸ்டி என்றால் அதன் தயாரிப்பாளர் தருகிற அழிப்புக் கருவியை ஓட்டிவிட்டுக் கொடுங்கள்.

மொத்தத்தில், புது கம்ப்யூட்டர் வாங்குவது ஒரு நிதியாண்டு முடிகிற மாதிரி. பழைய ஏட்டை மூடி, மீதியைப் புது ஏட்டில் ஓப்பனிங் பேலன்ஸாக எழுதுவார்கள். பழைய ஏட்டையே புது அட்டை போட்டுத் தொடர்ந்து எழுதுகிற கணக்குப்பிள்ளையை எந்த ஆடிட்டரும் ஒத்துக்கொள்ள மாட்டார். அதே சமயம், பழைய ஏட்டைக் கிழித்துப் போடுகிறவரையும் ஒத்துக்கொள்ள மாட்டார். மாற்றி எழுதுங்கள், சரிபாருங்கள், பழையதைப் பத்திரமாகக் கட்டி வையுங்கள்.

அடுத்த அசெம்பிள் இப்போதைக்கு இல்லை என்கிறவர்களும் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யலாம். வீட்டில் ஒரே ஒரு பிரதி மட்டும் இருக்கிற ஃபோல்டர் எது என்று தேடிப் பார்த்து, அதற்கு மட்டும் இன்னொரு பிரதி எடுங்கள். அம்மாவிடம் கேட்டால் எந்த ஃபோல்டர் என்று உடனே சொல்லிவிடுவார்.